பந்திக்கும் படைக்கும்

மறியல் பத்து மணிக்கு என்று நோட்டீஸ்.
பன்னிரண்டரைக்குக் கைது,
ஒன்றுக்கு மண்டபம், எலுமிச்சைச் சாதம்,
ஆறு மணிக்குப் பெயர் எழுதிக்கொண்டு விட்டுவிடுவார்கள்.
எங்களுக்கும் தெரியும், இன்ஸ்பெக்டருக்கும் தெரியும்.

கும்பப்பூ பொதியில் நிற்கிறது.
தோவாளைச் சானலில்
பதினேழு நாளாகத் தவளைகூட இல்லை.
பேச்சிப்பாறை நிறைந்திருக்கிறதாம், பேப்பரில் போட்டிருக்கிறது.
பேப்பரைப் பிழிந்தா பாய்ச்ச முடியும்?

நான் பாட்டக்காரி.
அறுபது சென்ட், திருப்பதிசாரம் அஞ்சு,
கம்மல் சொசைட்டியில்.
நிலத்துக்காரர் தாணுலிங்கம் முன்வரிசையில்
கொடியோடு.
நான் பின்னால், செருப்புகள் கிடந்த இடத்தில்.

செண்பகராமன்புதூர் விலக்கில்
முப்பந்தல் பக்கமிருந்து வந்து நின்றது லாரி.
முதுகில் ஒற்றைக் காற்றாலை இறக்கை,
எங்கள் தெருவைவிட நீளம்.
ஹாரன் அடிக்கவில்லை.
இறங்கியவருக்குக் கடல்நீலத் தலைப்பாகை, ஓரத்தில் கிரீஸ்.
டயரில் சாய்ந்து
நாற்றுமுடி எண்ணுவதுபோல எங்களை எண்ணினார்.

லூதியானாவில் ஏழு வருஷம் நர்ஸாக இருந்த ரெஜினாள்
எழுந்து போய்ப் பேசினாள்.
ஜக்தார் சிங். மான்சா ஜில்லா.
"எத்தனை நாளைக்கு?" என்று கேட்கிறாராம்.
மத்தியானம் வரைக்கும் என்றோம்.
அவர் சிரிக்கவில்லை.
அதுதான் எனக்கு ஒருமாதிரி ஆனது.

"நாங்கள் ஆறு மாச மாவோடு டில்லிக்குப் போனோம்.
ஒரு வருஷம் பிடித்தது.
டிராலிக்கு அடியில் பனி, மேலே தார்ப்பாய்.
அடித்த போலீசுக்கும் ரொட்டி போட்டோம்.
கோஷம் தொண்டையில் இருக்கிறது, வற்றிவிடும்.
போராட்டம் அடுப்பில் இருக்கிறது."

இன்னொன்றும் சொன்னார்.
அவர் வீட்டில் யாரும் சோறு தின்பதில்லை,
நெல் மட்டும் போடுகிறார்கள்.
அப்பா காலத்தில் நாற்பதடியில் இருந்த தண்ணீர்
இப்போது நானூறில்.
"நம்ம ரேஷன் கடைக்கு வாறது அந்த அரிசிதான்"
என்றான் பின்னாலிருந்து ஒரு பயல்.
என் வயல் காய்கிற நேரத்தில்
என் வயிற்றில் அவர் கிணறு.

தம்பியின் பெயரைச் சொன்னார்.
பிறகு ஒரு மருந்தின் பெயரை.
ரெஜினாள் அதை மொழிபெயர்க்கவில்லை.
அந்தப் பெயர்
எங்கள் ஊரிலும் அதேதான்.

இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தார்.
ஜக்தார் லாரிக்கடியில் ஸ்டவ்வை இழுத்துவைத்தார்.
பருப்பு ஒரு சாக்கு, மாவு ஒரு சாக்கு.
எங்கள் ஆட்கள் வெள்ளரிக்காயும்
தோவாளை மார்க்கெட்டிலிருந்து வாழையிலையும் கொண்டுவந்தார்கள்.
"வரிசையா இருக்கணுமாம். பங்கத்.
குருவே ஏர் பிடிச்ச ஆளாம்.
முதல்ல பங்கத்துல இருக்கணும், பேச்செல்லாம் பொறகாம்."
பங்கத்துன்னா?
"பந்தி, பிள்ளே."

பந்தி எனக்குத் தெரியும்.
தாணுலிங்கம் வீட்டுக் கல்யாணத்தில்
மூன்றாம் பந்தி, பின்முற்றம், மாட்டுத்தொழுவத்து வாசம்.
பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள்.
படைக்கு வந்த இடத்திலேயே பந்தி போட்டால்
எங்கே முந்துவது, எங்கே பிந்துவது?

தார் சுட்டது. உட்கார்ந்தோம்.
என் வலப்பக்கம் வெள்ளை வேட்டி ஒன்று மடங்கி இறங்கியது.
தாணுலிங்கம்.
எழுந்திருக்கவில்லை.
என்னைப் பார்க்கவும் இல்லை.
ரொட்டியைப் பிய்க்கத் தெரியாமல்
இருவரும் ஒரே மாதிரித் திணறினோம்.

இருட்டிய பிறகு ஆர்.டி.ஓ. வந்தார்.
மண்டபத்து எலுமிச்சைச் சாதத்தை யார் தின்றார்களோ.
மறுநாள் ஷட்டர் திறந்தது,
கணுக்கால் தண்ணீர், மூன்று நாள்.
பாதி நெல் பதர்.
தாணுலிங்கம் பாட்டத்தை முழுசாக அளந்து வாங்கினார்.

அன்றிரவு அந்த இறக்கை வளைவில் திரும்ப
நாங்கள்தான் டார்ச் அடித்தோம்.
எங்கள் தலைக்கு மேலே
மெதுவாக, வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தது அது.

கன்னிப்பூவுக்கும் தண்ணீர் வரவில்லை.
புது நோட்டீஸில் தொடங்கும் நேரம் மட்டும் இருக்கிறது.
கீழே பேனாவால் ஒரு வரி:
பெரிய குட்டுவம் யார் வீட்டில் உண்டு?

எல்லோருக்கும் தெரியும்.
தாணுலிங்கம் வீட்டில்.
கேட்க யார் போவது என்றுதான்
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.